கருத்தரங்கு ஊழியர்களுக்கு நன்றிக் கடிதம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தணிக்கையாளர்களுக்காக எங்கள் அலுவலகம் நடத்திய மோசடித் தடுப்புக் கருத்தரங்கு சென்ற வாரம் நிறைவடைந்தது. ஏற்பாடுகளைக் கவனித்த ஊழியர்களுக்கான நன்றிக் கடிதத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுதித் தர வேண்டும், ஆனால் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

அழுத்தம், வாய்ப்பு, சுயநியாயம் ஆகிய மூன்றும் சேரும்போது மோசடி நிகழ்கிறது என்னும் மோசடி முக்கோணத்தைப் பேச்சாளர்கள் மேடையில் விளக்கினார்கள். அதில் வாய்ப்பு என்னும் முனையை அதற்கு முன்பே அடைத்தவர்கள் பதிவுப் பிரிவின் ஊழியர்கள் இருவர். கட்டணம் செலுத்தும் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக எங்கள் பெயரில் ஒரு போலி மின்னஞ்சல் பங்கேற்பாளர்களுக்குச் சென்றபோது, அனுப்புநர் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் வேறுபட்டிருந்ததைக் கண்டுபிடித்து, அன்று மாலையே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார்கள். ஒருவரும் பணம் இழக்கவில்லை. இதைச் சொல்லாத நன்றி முழுமையாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

பொதுவாக எழுதிப் பார்த்தேன். அவர்களுடைய விழிப்பு அதில் காணாமல் போகிறது. விரிவாக எழுதினால், அரங்கம், உணவு, சான்றிதழ் வேலைகளில் இரவு வரை நின்றவர்கள் ஓரங்கட்டப்பட்டதாகத் தெரிகிறது. அலுவலகத்தின் பழைய கடித மாதிரிகளும் உதவவில்லை. தனித்தனிக் கடிதங்களுக்கு நிர்வாகம் இசையவில்லை.

மற்றவர்களின் உழைப்பைச் சிறிதாக்காமல், அந்த இருவர் செய்ததையும் உரிய விரிவுடன் ஒரே கடிதத்தில் எப்படி எழுதலாம்?