காரம் சுவையா, வலியா?

அம்மிக்கல் (கேள்வி):
நேற்று ஊறுகாய்க்காகப் பச்சை மிளகாய் அரிந்தேன். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் இரவு வரை விரல்கள் எரிந்துகொண்டே இருந்தன. அறுசுவையில் கார்ப்பும் ஒன்று என்றுதான் படித்திருக்கிறோம். அது சுவையென்றால், சுவை மொட்டே இல்லாத விரலுக்கு எப்படித் தெரிகிறது? சர்க்கரையை எவ்வளவு பிசைந்தாலும் கை இனிப்பதில்லையே.

உடலியல் மாணவி:
ஐயா, இன்றைய உடலியங்கியல் காரத்தைச் சுவைகளோடு சேர்ப்பதில்லை. நாக்கிலும் கண்ணிலும் தோலிலும் முடிகிற வலி நரம்புகளின் நுனியில் டி.ஆர்.பி.வி.1 என்றொரு புரதம் உண்டு. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு பட்டதும் திறந்து, கால்சியம், சோடியம் அயனிகளை உள்ளே விட்டு, நரம்பில் மின்துடிப்பை எழுப்புவது அதன் வேலை. மிளகாயிலுள்ள கேப்சைசின் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டால், சூடு இல்லாமலேயே அது திறந்துவிடுகிறது. நரம்பு கொண்டுபோவது துடிப்பை மட்டுமே என்பதால், திறந்தது தீயா மிளகாயா என்று மூளைக்குத் தெரிய வழியில்லை. சுட்டதாகவே எடுத்துக்கொண்டு வேர்க்கவும் வைக்கிறது. இப்புரதத்தை 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு இனங்கண்டது. 2021இல் அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாக்கின் இனிப்பும் கசப்பும் வேறு நரம்புகள் வழியே செல்ல, காரம் முகத்தின் தொடுவுணர்வையும் வலியையும் சுமக்கும் முக்கிளை நரம்பு வழியே செல்கிறது.

தோட்டக்காரர்:
கிளி பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்றுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இந்தப் புரதமே இல்லையா?

உடலியல் மாணவி:
இருக்கிறது. பறவைகளுக்கும் சூடு சுடும். ஆனால் அவற்றின் புரதத்தில் கேப்சைசின் சரியாக ஒட்டுவதில்லை. புதினாவின் மென்தால் குளிர்வதும் இதே வகைக் கதைதான்: குளிரை உணரும் வேறொரு புரதத்தை அது திறந்துவிடுகிறது. காரத்தோடு சூடும் சேர்ந்தால் தொல்லை கூடும். கேப்சைசின் பட்ட நரம்பு குறைந்த சூட்டுக்கே துடிப்பதால், வெதுவெதுப்பான ரசம்கூட வாயைச் சுடும்.

அடுப்படி அனுபவம்:
கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே முதலில் கையில் நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, அதன்பின் சோப்புப் போடுங்கள். வாய் எரிந்தால் தண்ணீரைவிடத் தயிரோ பாலோ மேல். அவற்றிலுள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொள்ளும். எரிச்சல் முழுதாக அடங்கும்வரை கண்ணைத் தொட வேண்டாம்.