ஃபிப்த் வீலுக்குத் தமிழில் ஒரு பெயர்

டெக்சஸிலிருந்து, சனி இரவு

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எங்கள் நண்பர்களில் நாலைந்து குடும்பத்தார் விடுமுறை விட்டால் போதும், உள்ளேயே தங்கிச் சமைத்துக்கொள்ளும் வீட்டு டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது. நிறுத்திய சொல் ‘ஃபிப்த் வீல்’.

பார்க்காதவர்களுக்காக: சாதாரண டிரெய்லரை வண்டியின் பின்பக்க பம்பருக்குக் கீழே இருக்கும் உருண்டையில் மாட்டி இழுப்பார்கள். ஃபிப்த் வீல் டிரெய்லர் வேறு மாதிரி. பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள், பின்சக்கர அச்சுக்கு நேர்மேலேயோ ஒரு சாண் முன்னாலோ, வாய் பிளந்த ஒரு இரும்புத் தட்டைப் பொருத்தியிருப்பார்கள். டிரெய்லரின் மூக்கு தொட்டிக்கு மேலே நீண்டு வரும். அதன் அடியில் 2 அங்குலத் தடிமனில் ஒரு முளை தொங்கும், அதுதான் கிங்பின். அது தட்டின் வாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். நம் ஊர்க் கன்டெய்னர் லாரியில் இருப்பதும் இதுதான், அளவுதான் பெரிது.

என் வண்டி அரை டன் பிக்கப். அரை டன் என்பது பழைய பெயர். ஒரு காலத்தில் அவ்வளவுதான் சுமக்கும், இப்போது அதற்கு மேலேயே சுமக்கும், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அமெரிக்கக் கணக்கில் சுமையோடு சேர்ந்த மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்குள் இருந்தால் இலகுரகம்.

எனக்கு மூன்று பெயர்கள் வேண்டும்: அந்தத் தட்டுக்கு ஒன்று, கிங்பின்னுக்கு ஒன்று, கிங்பின் வழியாகத் தட்டின் மேல் இறங்கும் எடைக்கு ஒன்று. மூன்றாவதுதான் அவசரம். இங்கே அதைப் ‘பின் வெயிட்’ என்கிறார்கள். நான் அப்பாவியாகப் ‘பின் எடை’ என்று எழுதிவிட்டேன். படித்த நண்பர் ஒருவர் டிரெய்லரின் பின்பக்கத்தில் இருக்கும் எடை என்று நினைத்துக்கொண்டு, சாமானையெல்லாம் முன்னுக்கு மாற்றி அடுக்கிவிட்டார். நடக்க வேண்டியதற்கு நேர் எதிர்.

சென்னையிலிருந்து, ஞாயிறு காலை

நண்பரே, ‘ஐந்தாம் சக்கரம்’ என்றே வைத்துவிடலாம். ஸ்பானியர்களும் அப்படித்தான் நேராக மொழிபெயர்த்திருக்கிறார்கள், ‘கின்டா ருவேதா’ என்று. கிங்பின் என்பதற்குத் ‘தலையாணி’. மூன்றாவதற்கு ‘ஆணி எடை’. மூலச் சொல்லோடு பொருந்தி நிற்பதால் பிற்காலத்தில் தேடுகிறவர்களுக்கும் வசதி. இதில் விவாதிக்க அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாமக்கல்லிலிருந்து, ஞாயிறு மாலை

ஐயா மன்னிக்கணும், விவாதிக்க நிறையவே இருக்கிறது. ‘தலையாணி’ என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து வீட்டம்மா, “லாரிக்கு எதுக்குங்க தலகாணி?” என்றார். அதோடு அந்தச் சொல் எனக்கு முடிந்துபோயிற்று.

முப்பது வருஷம் பட்டறை வைத்திருந்தவன் நான். எங்கள் ஊர் டேங்கர் லாரிகளுக்கு ஃபிப்த் வீலைக் கழற்றி மாட்டியே என் சட்டைகள் எல்லாம் கறுத்தன. தட்டின் மேல் கிரீஸ் அப்பியிருக்கும். டிரெய்லர் திரும்பும்போது தட்டும் தட்டும் உரசாமல் இருக்க அது வேண்டும். ஒரு தடவை கையில் பட்டால் மூன்று நாளைக்குச் சோற்றில் வாசம் அடிக்கும்.

‘ஐந்தாம் சக்கரம்’ என்று தமிழில் எழுதினால் படிக்கிறவன் மனதில் வருவது ஸ்டெப்னி. வண்டியில் ஐந்தாவதாக இருக்கும் சக்கரம் நமக்கு அதுதானே. (ஸ்டெப்னியே ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள், தெரு சக்கரத்தின் பெயராகி நம்மிடம் வந்து சேர்ந்தது.) இன்னும் கொஞ்சம் அரசியல் படிக்கிறவனுக்கு ஐந்தாம் படை ஞாபகம் வரும். இரும்புத் தட்டு யாருக்கும் ஞாபகம் வராது.

ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு ஒரு காரணம் இருந்தது. நாலு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காக, அதற்கு மேலே படுக்கை வசத்தில் ஒரு இரும்பு வளையம் வைத்தார்கள். நாலு சக்கரம் நின்றுகொண்டிருக்க, இது ஐந்தாவதாகப் படுத்திருந்தது. நம் மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரம். திரும்ப வேண்டுமானால் மாடே வண்டியைத் திருப்பிவிடும். அந்த வளையத்தைப் பார்த்தே இராத மொழியில் ‘ஐந்தாம்’ என்றால் எதை எண்ணி ஐந்து?

ஜெர்மன்காரர்கள் இதைச் ‘சாட்டல்’ என்ற சொல்லை வைத்து அழைக்கிறார்கள், அதாவது சேணம். பிரெஞ்சில் ‘செலெத்’, குட்டிச் சேணம். தட்டை ஒருமுறை பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னும் பின்னும் ஆடும்படி நடுவில் தொங்கலாக, வண்டியின் முதுகில் உட்கார்ந்திருக்கும். சேணம்தான். நுகம் என்று சொல்லலாமே என்று யாராவது கேட்பீர்கள். நுகம் வண்டியோடு போவது, மாட்டை அவிழ்த்தால் நுகம் வண்டியிலேயே கிடக்கும். இந்தத் தட்டோ இழுக்கிறவன் முதுகிலேயே தங்கிவிடுவது. அதனால் சேணம்தான் சரி. ‘சேணப்பூட்டு’ என்று முழுப்பெயர், பேச்சில் வெறும் சேணம். மாட்டுவது பூட்டுவது, கழற்றுவது அவிழ்ப்பது. வண்டி பூட்டியாச்சா, அவிழ்த்தாச்சா என்று நம் தாத்தாக்கள் கேட்ட அதே சொற்கள்.

இப்போது டெக்சஸ் தம்பி கேட்ட மூன்றாவதற்கு வருகிறேன். அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். முன்பாரம்.

கரும்பு வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள். சுமை ஏற்றியதும் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கவே முடியவில்லை என்றால் முன்பாரம், மாட்டுக் கழுத்து புண்ணாகிவிடும். நுகம் தானே மேலே எழும்பினால் பின்பாரம், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் என்றால் இரண்டு கரும்புக் கட்டை இழுத்துப் பின்னுக்குப் போடுவார்கள், பின்பாரம் என்றால் வண்டிக்காரர் தானே முன்னே நகர்ந்து உட்காருவார். இரண்டும் இல்லாத இடம் வரும்வரை வண்டி கிளம்பாது. ‘பின் வெயிட்’ என்று நீங்கள் சொல்வது இதைத்தானே?

ஸ்கார்பரோவிலிருந்து, திங்கள்

ஐயாவின் முன்பாரம் எனக்கு உடனே பிடித்துவிட்டது. நான் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் அது மாட்டு வண்டில், ஆனால் முன்பாரம் என்றால் அங்கேயும் விளங்கும்.

சேணப்பூட்டில்தான் எனக்குத் தயக்கம். பூட்டு என்றால் இன்றைய பிள்ளைகள் கதவுப் பூட்டைத்தான் நினைப்பார்கள், “திறப்பு எங்கே அம்மா?” என்று சாவியைக் கேட்பார்கள். போதாக்குறைக்கு டிரெய்லரைக் களவெடுத்துப் போகாமல் கிங்பின்னுக்குப் போடுகிற உண்மையான பூட்டு ஒன்று கடையில் விற்கிறது. அதை என்னவென்று சொல்வீர்கள், சேணப்பூட்டுப் பூட்டா?

சேணம் தனியாகவே நிற்கட்டும் என்பது என் எண்ணம். சேண டிரெய்லர் என்றால் போதும். ‘டிரெய்லர்’ சினிமாவுக்கும் போய்விட்டது என்று போன மாதம் இங்கே சண்டை நடந்தது தெரியும். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

டெக்சஸிலிருந்து, வியாழன்

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. முன்பாரத்தை எடுத்துக்கொண்டு எடைமேடைக்கே போய்வந்தேன்.

நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் இங்கே எடைமேடை இருக்கும், தனித்தனிப் பலகைகளாக. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சீட்டில் அடித்துக் கொடுப்பார்கள். முதலில் டிரெய்லர் இல்லாமல், நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து, சேணமும் தொட்டியில் இருக்க, பிக்கப்பை மட்டும் நிறுத்தினேன். இரண்டு அச்சும் சேர்த்து 5,980 பவுண்டு. அப்புறம் நண்பரிடம் இரவல் வாங்கிய 7,800 பவுண்டு சேண டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். பிக்கப்பின் இரண்டு அச்சில் மட்டும் 7,540. வித்தியாசம் 1,560 பவுண்டு. அதுதான் முன்பாரம். டிரெய்லர் எடையில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு.

என் கதவை ஒட்டிய தூணில் மஞ்சள் கரையிட்ட ஒரு ஒட்டுத்தாள் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து 1,650 பவுண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. முன்பாரம் 1,560, நாங்கள் 540, சேணம் தானே 140. ஆக 2,240. வரம்புக்கு மேல் 590 பவுண்டு, கால் டன்னுக்கும் கூடுதல். பிக்கப்பை விற்றவர் 11,000 பவுண்டு இழுக்கும் என்றுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை. இழுக்கும். அந்த முதுகு தாங்குமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆகவே கையேட்டில் இழுதிறன், தாங்குதிறன் என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன். இலகுரக பிக்கப்பில் முதலில் தீர்ந்துபோவது இரண்டாவதுதான்.

இதே 7,800 பவுண்டு பம்பர் உருண்டையில் மாட்டும் டிரெய்லராக இருந்தால் முன்பாரம் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் இருக்கும். 12 என்று வைத்தால் 936. நாங்கள் நாலு பேரும் ஏறினாலும் வரம்புக்குள் அடங்கும். ஆனால் அந்த உருண்டை பின் அச்சுக்கு நாலைந்து அடி பின்னால் இருப்பதால், பெரிய லாரி ஒன்று கடந்து போனாலும் டிரெய்லர் வாலை ஆட்டும், அந்த ஆட்டம் பிக்கப்பையும் சேர்த்து ஆட்டும். சேணத்தில் பூட்டிய வண்டியில் இந்த வாலாட்டம் வெகு குறைவு. அதற்காகத்தான் எல்லோரும் அதற்கு ஆசைப்படுகிறார்கள். ‘வாலாட்டம்’ நானே வைத்துக்கொண்ட சொல், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.

சாமான் அடுக்குவதிலும் ஐயா சொன்ன கரும்பு வண்டிதான். இந்த டிரெய்லர்களில் பெரிய சாமான் அறை மூக்குக்குக் கீழேயே இருக்கிறது. அரிசி மூட்டை, கிரைண்டர், மடக்கு நாற்காலி எல்லாம் அங்கேதான் போகும், அத்தனையும் முன்பாரம். பயந்துபோய் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளினால் அப்புறம் வாலாட்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எடைமேடைக்குக் கிளம்புவதற்கு முன் முதல் தடவை பூட்டியபோது, டிரெய்லரின் ஊன்றுகாலைச் சற்று உயரமாக வைத்துவிட்டேன். கிங்பின் தட்டின் வாய்க்குள் போகாமல் அதன் மேல் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது, பூட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டேன். நல்ல வேளை, நண்பர் விடவில்லை. ஊன்றுகால் தரையைவிட்டு ஒரு அங்குலம் எழும்பட்டும், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடி, பிக்கப்பை மெல்ல முன்னே இழு என்றார். இழுத்தேன். முளை வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது, டிரெய்லர் ஒரு அங்குலம் இறங்கி ஊன்றுகாலிலேயே நின்றது. அந்த ஊன்றுகாலை முழுதாக மடக்கிவிட்டுக் கிளம்பியிருந்தால் மொத்த மூக்கும் பிக்கப்பின் தொட்டிச் சுவரில் விழுந்திருக்கும். இப்போதெல்லாம் கைவிளக்கு அடித்து, வாய் முழுதாக மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.

டிரெய்லரை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாமக்கல்லிலிருந்து, வியாழன் இரவு

வாலாட்டம் அருமை தம்பி, அப்படியே இருக்கட்டும்.

அம்மா சொன்னது சரி, சேணம் மட்டும் போதும். பூட்டு என்ற பெயர்ச்சொல்லைக் கதவுக்கே விட்டுவிடுவோம், பூட்டுவது என்ற வினை நம்மிடம் இருக்கட்டும்.

கிங்பின் இன்னும் பாக்கி. லாரியின் முன்சக்கரம் திரும்புகிற இடத்திலும் ஒரு கிங்பின் உண்டு. பட்டறையில் “கிங்பின் போச்சு” என்றால் அதைத்தான் சொல்வோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பையன் தவறான சாமானை வாங்கிக்கொண்டு வந்து நிற்பான், நான் நேரில் பட்டவன். தம்பி முதல் கடிதத்தில் தன்னையறியாமல் ‘முளை’ என்று எழுதியிருக்கிறார், கடைசிக் கடிதத்திலும் எழுதியிருக்கிறார். நுகத்தில் குத்தும் முளைக்குச்சியும் அந்தச் சொல்தானே. அதையே வைத்துக்கொள்ளலாமா?

குட்டைத் தொட்டி வண்டிகளில் முளையைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள ஒரு சேணம் வருவதாகக் கேள்விப்பட்டேன், ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் மூலை ஓட்டுநர் கூண்டின் கண்ணாடியை இடிக்காமல் இருக்க. அதற்குச் சறுக்குச் சேணம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அது தானாகச் சறுக்குகிறதா, கையால் நெம்புகோலை இழுக்க வேண்டுமா என்று எழுதுங்கள்.

டெக்சஸிலிருந்து, வெள்ளி

இரண்டு வகையும் இருக்கிறது ஐயா. முளை உறுதி. மூன்றாம் பக்கத்தைத் திருத்திவிட்டேன்.