தலையில தண்ணி ஊத்துனா நோய் குணமாகுமா? (விளம்பரம், தர்மம் பத்தி ஒரு டவுட்)

மூணாவது பெஞ்ச்:

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடுற விஷயம், இங்க கொட்டிடறேன். நேத்து தூக்கம் வராம எதையோ தேடப்போய் நல்ல ஓட்டலுங்களுக்கு குடுக்கற மிச்செலின் ஸ்டார் கதைல போய் முட்டிக்கிட்டேன். பெரிய பெரிய சமையல்காரங்க அந்த ஒரு ஸ்டாருக்காக உயிரை விடறாங்கல்ல, அதை குடுக்கறது ஒரு டயர் கம்பெனிங்க! 1900ல பிரான்ஸ்ல கார் வச்சிருந்தவங்களே ரொம்ப கம்மி, வண்டி ஓடினாதான டயர் தேயும், தேஞ்சாதான புதுசு விக்கும், அதனால எங்க தங்கலாம் எங்க வண்டி ரிப்பேர் பாக்கலாம்னு ஒரு கையேடு போட்டு சும்மாவே குடுத்திருக்காங்க. ஸ்டார் எல்லாம் 1926லதான் வந்துச்சாம்.

சரி இது யாவாரம், ரசிச்சிட்டு போயிடலாம். ஆனா இதே மாதிரி மூளைதான தர்ம காரியத்துலயும் வேலை செய்யுது? 2014ல ஐஸ் பக்கெட் சேலஞ்ச்னு உலகமே தலையில ஐஸ் தண்ணி ஊத்திக்கிச்சே, நானும் ஊத்திக்கிட்டேன், வீடியோ போட்டேன், அடுத்து நீங்க ஊத்துங்கன்னு மூணு பேரை மாட்டி விட்டேன். பைசா குடுக்கல. அது என்ன நோய்க்குன்னு கூட அப்ப தெரியாது, சத்தியமா. ஏதோ தண்ணி சிக்கனத்துக்குன்னு நினைச்சேன்னா பாத்துக்கோங்க.

இந்த வித்தையெல்லாம் நிஜமா யாருக்காவது போய் சேருதா, இல்ல நம்ம மூஞ்சிய காட்டிக்க ஒரு சாக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நைட் ஷிப்ட்:

தண்ணி சிக்கனத்துக்கு பக்கெட் பக்கெட்டா ஊத்துவாங்களா ப்ரோ 😂

ஏ.எல்.எஸ். நோய்க்கு, நரம்பு கெட்டு உடம்பு தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செயலிழந்து போற நோய். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்தது. அவரையும் கூப்பிட்டாங்க, உடம்பு தாங்காதுன்னு அவருக்கு பதிலா அவர் பிள்ளைங்க ஊத்திக்கிட்டாங்க. காசு வரலன்னு மட்டும் சொல்லாதீங்க, அமெரிக்காவுல ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் அந்த சீசன்ல 11.5 கோடி டாலர் சேர்ந்துச்சு. உங்கள மாதிரி சும்மா ஊத்திக்கிட்டவங்க வீடியோவ பாத்து வேற எவனோ குடுத்திருப்பான், அதுதான் அதோட சூட்சுமமே. அந்த காசுல ஒரு பங்கு போன ஆராய்ச்சிலதான் 2016ல என்.இ.கே.1னு ஒரு ஜீனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க.

ஆனா முழு கதையும் சொல்லணும்ல. அதே பணத்துல கொஞ்சம் உதவி வாங்கி வளந்த ஒரு மருந்துக்கு 2022ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, எல்லாரும் கொண்டாடுனாங்க, அப்புறம் பெரிய சோதனைல பலன் இல்லன்னு தெரிஞ்சு 2024ல கம்பெனியே திரும்ப வாங்கிக்கிச்சு. ஆராய்ச்சின்னா அப்படித்தான், பக்கெட் கவுத்தா அடுத்த மாசம் மாத்திரை வந்துராது.

பழைய ரேடியோ:

தம்பி, இதெல்லாம் ஏதோ இன்டர்நெட் வந்தப்புறம் புறந்ததுன்னு நினைக்கறீங்க, எங்க தாத்தா காலத்துலயே ஆடி முடிச்ச ஆட்டம் இது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போலியோவால நடக்க முடியாம போனவர்னு தெரியும்ல. 1938ல எட்டி கேண்டர்னு ஒரு காமெடி நடிகர், ரேடியோவுல அவருக்கு அப்ப ஏகப்பட்ட ரசிகர்கள், அவர் சொன்னாரு, போலியோவ ஒழிக்க ஆளுக்கு ஒரு டைம் (dime) நாணயம், அதாவது டாலர்ல பத்துல ஒரு பங்கு, கவர்ல போட்டு நேரா வெள்ளை மாளிகைக்கே அனுப்புங்கன்னு. பேரு "மார்ச் ஆஃப் டைம்ஸ்" (Dimes). அப்ப தியேட்டர்ல ஓடிட்டிருந்த "மார்ச் ஆஃப் டைம்" (Time)ங்கற ஒரு பிரபல நியூஸ் ரீல் பேர அப்படியே நக்கலா திருப்பி வச்சது. லெட்டர் வந்து குவிஞ்சதுல அங்க இருந்த தபால் பிரிவு திணறிப்போச்சு, எண்ணிப் பாத்தா 26 லட்சத்து 80 ஆயிரம் நாணயம்.

இந்த வசூல நடத்துன அமைப்போட பணத்துலதான் சால்க்ங்கற விஞ்ஞானியோட போலியோ தடுப்பூசி ஆராய்ச்சியே நடந்துச்சு, 1955ல ஊசி வேலை செய்யுதுன்னு அறிவிச்சாங்க. 17 வருஷம் தம்பி! ஒரு சீசன்ல முடியல, வருஷா வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ரூஸ்வெல்ட் செத்தப்புறம் 1946ல அவர் முகத்தையே அந்த டைம் நாணயத்துல போட்டாங்க, இதைவிட பெரிய விளம்பரம் எந்த கம்பெனிக்கு கிடைக்கும் சொல்லுங்க.

எதிர்க்கட்சி:

எல்லாரும் நல்ல கதையா சொல்றீங்க, நான் கெட்டவன் வேலைய பாக்கறேன்.

1983ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்ங்கற கிரெடிட் கார்டு கம்பெனி, சுதந்திர தேவி சிலைய புதுப்பிக்க, கார்டு தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு சென்ட், புது கார்டு வாங்குனா ஒரு டாலர் குடுக்கறோம்னு சொன்னாங்க. சேர்ந்தது 17 லட்சம் டாலர். கார்டு தேய்க்கிறது 28 சதவீதம் ஏறிடுச்சு, விளம்பரத்துக்கு அவங்க விட்ட காசு குடுத்த காசவிட ஜாஸ்தி. இதுல யாருக்கு யார் தர்மம் பண்ணாங்க?

இன்னொன்னு, பிளேபம்ப். ராட்டினத்துக்கு அடியில தண்ணி பம்ப், பசங்க சுத்தி விளையாடினா தண்ணி மேல டேங்குக்கு ஏறும், டேங்க் சுத்தி விளம்பர பலகை, வாடகைல பராமரிப்பு. கேக்கவே எவ்ளோ அழகா இருக்கு? தென்னாப்பிரிக்காவுல ஆரம்பிச்சது, 2006ல அமெரிக்கா பக்கம் இருந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவிச்சாங்க. அப்புறம் ஒரு பத்திரிகை கணக்கு போட்டுப் பாத்தா, சொன்ன அளவு ஆளுங்களுக்கு தண்ணி வேணும்னா பசங்க ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாடணும்! பசங்க போரடிச்சு போயிட்டாங்க, பெரிய பொம்பளைங்க குனிஞ்சு ராட்டினத்த தள்ளிட்டு நின்னாங்க, அதுக்கு பழைய கை பம்பே தேவலாம். காசு குடுக்கறவனுக்கு புடிச்ச ஐடியா, தண்ணி எடுக்கறவங்கள ஒருத்தரும் கேக்கல.

பழைய ரேடியோ:

@எதிர்க்கட்சி, அதே சிலைதான்! 1885ல அதுக்கு பீடம் கட்ட காசு இல்லாம நின்னப்ப, புலிட்சர்ங்கற பத்திரிகை முதலாளி தன் பேப்பர்ல, எவ்ளோ சின்ன தொகை குடுத்தாலும் உங்க பேர் அச்சுல வரும்னு போட்டாரு. ஒரு லட்சம் பேருக்கு மேல குடுத்தாங்க, முக்கால்வாசி பேரு ஒரு டாலருக்கும் கம்மி. கூடவே அவர் பேப்பர் விற்பனையும் ஏறுச்சு, அதுக்காக பீடம் ஆடுதா என்ன, நிக்குதுல்ல.

சும்மா வந்தேன்:

பக்கெட் எல்லாம் விடுங்க. வால்வோ 1959ல மூணு முனை சீட் பெல்ட்ட காருல போட்டுட்டு, காப்புரிமை இருந்தும் யார் வேணா செஞ்சுக்கோங்கன்னு விட்டுட்டான். இன்னிக்கும் வால்வோன்னா பாதுகாப்புன்னுதான் வாய்ல வருது. ஓவர்.

உண்டியல் அக்கா:

நான் ஒரு சின்ன ட்ரஸ்டுக்கு காசு சேக்கற வேலைலதான் இருக்கேன், அதனால @எதிர்க்கட்சி சொல்றது வலிக்குது, பொய்யும் இல்ல. மக்கள் கல்நெஞ்சுக்காரங்க இல்லப்பா, "உதவுங்கள்"னு கேட்டா எவ்ளோ, எப்படி, யாருக்குன்னு ஒன்னும் புரியாம நகந்துடுவாங்க. அந்த ரேடியோக்காரர் ஒரே ஒரு நாணயம்னு சொன்னாரு பாருங்க, அங்கதான் ஜெயிச்சாரு, யோசிக்கவே வேணாம். பக்கெட்டும் அதே கதை, 24 மணி நேரம் கெடு, மூணு பேர் பேரு, நாலு பேர் முன்னாடி மானம் போயிடும்.

கம்பெனிக்காரங்கள பத்தி கேட்டா ராத்திரி பூரா சொல்வேன். ஒருத்தங்க (பேரு வேணாம்) பசங்களுக்கு நோட்டுப் புத்தகம் குடுக்க வந்தாங்க, ரெண்டு போட்டோகிராபர், பின்னாடி இருபதடி பேனர். நோட்டு ரெண்டு மாசத்துல தீந்துடுச்சு. பேனர் மட்டும் நாலு வருஷமா எங்க ஸ்டோர் ரூம் ஒழுகற எடத்துல கெட்டியா கெடக்கு, அதையும் குறை சொல்ல முடியல.

மூணாவது பெஞ்ச்:

அக்கா 😂😂

சரி, பத்து வருஷம் கழிச்சு என் பக்கெட்டுக்கு இப்பதான் காசு கட்டினேன். வீடியோ போடல. எதிர்க்கட்சி, ரசீது மட்டும் உனக்கு அனுப்பவா, நீ நம்ப மாட்டியே.

எதிர்க்கட்சி:

அனுப்பு. தேதி தெரியற மாதிரி.