கோடைக்கால வளாக வகுப்பு: 11,000 வெள்ளி கொடுக்கலாமா?

தெம்பனிஸ் அம்மா:
மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கோடைக்கால வகுப்புக்கு ‘தேர்வு பெற்றுள்ளீர்கள்’ என்று கடிதம் வந்திருக்கிறது. இரண்டு வாரம் வளாக விடுதியில் தங்க வேண்டும். விமான டிக்கெட்டையும் சேர்த்தால் 11,000 வெள்ளியைத் தாண்டுகிறது. பிறகு அங்கேயே பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்க இது உதவும் என்கிறார் முகவர். அனுப்பலாமா?

செங்காங் சேது:
முகவர் வேறென்ன சொல்வார், அக்கா? அந்தக் கடிதத்தில் ‘தேர்வு’ என்ற சொல்லை மறைத்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் இருப்பது விலைப்பட்டியல்தான். ஹார்வர்டின் இரண்டு வார வகுப்பிலேயே மதிப்பெண் கிடையாது, பட்டப்படிப்பில் சேரும் பாடப்புள்ளியும் கிடையாது. சில வகுப்புகளை நடத்துவதே பல்கலைக்கழகம் அல்ல. கோடையில் காலியாகக் கிடக்கும் விடுதியையும் வகுப்பறையையும் வெளி நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து நடத்துகின்றன. கட்டணம் யார் கணக்குக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள்.

முன்னாள் மாணவி:
நான் பதினேழு வயதில் போனவள். இடம் வாங்கித் தராது என்பது உண்மை, எனக்கும் தரவில்லை. அதற்காக வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். பேராசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, யாராவது வாய் திறக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். குறிப்பேட்டில் உள்ளதை எழுதியே பழகிய எனக்கு முதல் மூன்று நாள் வயிற்றைக் கலக்கியது. நான்காம் நாள் நானும் சண்டை போட்டேன். பொறியியல் வேண்டாம், வரலாறுதான் என்று அங்கேதான் முடிவு செய்தேன். பிடிக்காத படிப்பில் நான்கு ஆண்டு வீணாகாததையும் கணக்கில் சேருங்கள்.

செங்காங் சேது:
அதைத் தெரிந்துகொள்ளப் பசிபிக்கைத் தாண்ட வேண்டுமா? நம் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜுக்கு எம்ஆர்டி ரயில் போகிறது. கல்வி அமைச்சின் அறிவியல் ஆய்வுத் திட்டத்தில் தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கீழேயே ஆய்வு செய்கிறார்கள். அமெரிக்காதான் வேண்டும் என்றால் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற கோடைக்கால அறிவியல் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. 1984 முதல் நடக்கிறது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். உண்மையாகத் தேர்ந்தெடுப்பது அங்கேதான்.

முன்னாள் மாணவி:
உலகம் முழுவதிலிருந்தும் சுமார் நூறு பேரை எடுக்கும் திட்டத்தைக் காட்டி மற்ற பிள்ளைகளை வீட்டில் உட்காரச் சொல்கிறீர்கள், அண்ணே. நீங்கள் சொன்ன இரண்டுமே அறிவியல். வரலாறு பிடித்தவள் எங்கே போவாள்? துணைப்பாட வகுப்புகளுக்கு ஆண்டு முழுவதும் கொட்டும் பணத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

செங்காங் சேது:
அந்த அடி சரியாக விழுந்தது. என் மகனுக்கு மாதம் 900 வெள்ளி போகிறது. ஆனாலும் அதைத் தேர்வு பெற்ற பெருமை என்று யாரும் எனக்கு விற்கவில்லை.

பொங்கோல் இரவுப்பணி:
சண்டைக்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். தேதியைப் பார்த்தீர்களா? நம் விடுமுறை மே இறுதியில் தொடங்கி ஜூன் இறுதியில் முடிந்துவிடும். அங்கே பல வகுப்புகள் ஜூன் பிற்பகுதியில்தான் தொடங்குகின்றன. ஜூலை என்றால் மூன்றாம் தவணையில் இரண்டு வாரம் போய்விடும். ஆண்டிறுதித் தேர்வில் தேறாவிட்டால் முதலாண்டையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

தெம்பனிஸ் அம்மா:
இப்போதுதான் பார்த்தேன். ஜூலை 5. எந்தப் பாடத்துக்கு விண்ணப்பித்தாய் என்று மகளிடமும் இன்றுதான் கேட்டேன். ஏதோ தலைமைத்துவமாம். முகவர்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாராம்.

முன்னாள் மாணவி:
அப்படியானால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அக்கா. அந்த வரலாற்று வகுப்புக்காக நான் மூன்று மாதம் வீட்டில் மல்லுக்கட்டினேன்.

தெம்பனிஸ் அம்மா:
700 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேனே. இப்படிக் கட்டியதை யாராவது திரும்ப வாங்கியிருக்கிறீர்களா?