டிஎல்ஜி1 கிட்ட எச்டிஎல்வி-1க்கு என்ன வேலை?

கேஎல்_கவி: அண்ணே, அக்கா, யாராச்சும் சொல்லுங்களேன், நாளைக்கு லேப் மீட்டிங் லா. டிஎல்ஜி1 மாதிரி ஸ்கஃபோல்ட் புரோட்டீன (செல்லுக்குள்ள மத்த புரோட்டீன்கள ஒண்ணா சேத்து வெக்கற சட்டம் மாதிரி) எச்டிஎல்வி-1 வைரஸ் ஏன் புடிக்குது?

பட்டர்வொர்த்_அண்ணன்: அந்த வைரஸோட டாக்ஸ்ங்கற புரோட்டீன் வால்ல நாலு அமினோ அமிலம் இருக்கு தங்கச்சி, அது நம்ம செல்லோட டிஎல்ஜி1, ஸ்கிரிபிள்ங்கற ரெண்டு புரோட்டீனோட பிடிஇசட் பகுதியில (மத்த புரோட்டீனோட வால புடிக்கற இடம்) போய் மாட்டிக்கும், அதுங்க செல் கண்டபடி பெருகாம பாத்துக்கற ஆளுங்க, டாக்ஸ் புடிச்சிட்டா அந்த வேலை கெட்டுப்போகுது. எச்டிஎல்வி-2 டாக்ஸ்ல இந்த வால் கிடையாது. எச்டிஎல்வி-1 உண்டாக்கற லுக்கீமியாவுக்கு (ரத்தப் புற்றுநோய்) இது மட்டுமே காரணம்னு மட்டும் சொல்லிடாத, கேள்வி கேட்டே கொன்னுடுவாங்க.

கேஎல்_கவி: எச்ஐவியும் இப்படித்தானாண்ணே?

ஜார்ஜ்டவுன்_அக்கா: அதுக்கு டாக்ஸே இல்லம்மா. அங்க வைரஸோட உடம்ப கட்டற காக் புரோட்டீனோட பி6 பகுதி, செல்லோட டிஎஸ்ஜி101 புரோட்டீன புடிச்சு எஸ்கார்ட்ங்கற செல் புரோட்டீன் கூட்டத்த வரவழைக்கும், அதுங்க சவ்வ வெட்டி விட்டாத்தான் புது வைரஸ் வெளிய போகும், இல்லன்னா செல்லு மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்.