கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிய பின்பும் வேறொருவர் என் முகநூல் கணக்கினுள் வருகிறார்

கேள்வி: மஸ்கெலியா வாசகி

அனைவருக்கும் வணக்கம். மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2019 ஆம் ஆண்டு முதன்முதலாகக் கைபேசி வாங்கியபோது, அதை விற்ற கடையிலேயே எனக்கு ஒரு முகநூல் கணக்கையும் திறந்து கொடுத்தார்கள். அப்போது என்னிடம் மின்னஞ்சல் முகவரி இருக்கவில்லை. கடையில் இருந்த தம்பியே எல்லா விபரங்களையும் நிரப்பி, என் அடையாள அட்டை இலக்கத்தைக் கடவுச்சொல்லாக வைத்து, அதைக் கைபேசிப் பெட்டியின் மூடியில் பேனாவால் எழுதித் தந்தார். அந்த மூடி இன்றும் என்னிடம் இருக்கிறது.

கடந்த மாதம், குவைத்தில் வீட்டுப் பணிக்குச் சென்றிருக்கும் என் அக்காவுக்கு என் கணக்கிலிருந்து ஒரு செய்தி போயிருக்கிறது. பிள்ளைக்குச் சுகமில்லை, உடனே இருபதாயிரம் ரூபாய் இந்த வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதப்பட்டிருந்ததாம். நான் அவரைப் 'பெரியக்கா' என்றே எப்போதும் அழைப்பேன். செய்தியில் வெறுமனே 'அக்கா' என்று இருந்ததால்தான் சந்தேகம் வந்து, பணம் அனுப்பாமல் என்னை அழைத்துக் கேட்டார். அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினேன். மூன்று நாட்களில் மீண்டும் வேறு உறவினர் இருவருக்குச் செய்தி போனது. மறுபடியும் மாற்றினேன், மறுபடியும் அதுவே நடந்தது. மூன்றாவது முறை மாற்றி ஒரு வாரமாகிறது. நேற்று, நான் எழுதாத ஒரு பதிவு என் பக்கத்தில் இருந்தது.

குறுஞ்செய்தியில் குறியீடு வரும் பாதுகாப்பையும் முயன்று பார்த்தேன். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பதில்லை. கோயில் வளைவு வரை ஏறிப் போனால்தான் குறுஞ்செய்தி வந்து சேரும், வந்து சேரும்போது அந்தக் குறியீடு காலாவதியாகியிருக்கும். பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் என்னை இந்தக் கணக்கின் வழியாகவே தொடர்புகொள்வதால், இதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் தயக்கமாக இருக்கிறது. தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

பதில் 1: ஹட்டன் வாசகர்

சகோதரி, என் நண்பர் ஒருவருக்கும் இதே நிலைமை ஏற்பட்டது. வாரத்துக்கு ஒரு தடவை கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு என்று அவரிடம் சொன்னேன். நீங்களும் அவ்வாறே செய்து பாருங்கள்.

பதில் 2: நுவரெலியா, கணினிப் பயிற்றுநர்

ஹட்டன் நண்பர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். ஆயினும் இந்த விடயத்தில் அவருடன் என்னால் உடன்பட முடியவில்லை. டீச்சர் ஏற்கெனவே மூன்று முறை மாற்றிவிட்டார். நான்காவது முறை மாற்றினாலும் நிலைமை மாறாது. அவர் பூட்டுவது முன்வாசலை. வந்து போகிறவரிடம் பின்வாசல் திறப்பு இருக்கிறது.

கணக்கைத் திறந்த அன்று உங்களிடம் மின்னஞ்சல் இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கணக்கில் யாருடைய மின்னஞ்சல் பதியப்பட்டது என்பதே இங்கு முதற்கேள்வி. நான் பயிற்சி வகுப்பு நடத்தும் இடங்களில் இதை அடிக்கடி காண்கிறேன். கடையில் இருப்பவர் வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காகத் தன் சொந்த முகவரியையோ, கடைக்கென வைத்திருக்கும் ஒரு முகவரியையோ கொடுத்துவிடுவார். அதில் தீய நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த மின்னஞ்சல் யாருடைய கையில் இருக்கிறதோ அவர், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்திய சில நிமிடங்களில் உங்கள் கணக்கின் உரிமையாளராகிவிடலாம். அந்த முகவரியின் கடவுச்சொல் பின்னொரு நாள் வேறு எவரிடமாவது சிக்கியிருந்தாலும் விளைவு இதுதான். ஆகவே கடைக்காரத் தம்பிதான் செய்தார் என்று உறுதியாக எண்ணிவிடாதீர்கள்.

இதற்காக நீங்கள் செய்ய வேண்டிய வேலைகளில் வரிசை மிகவும் முக்கியம். முதலில் உங்களுக்கென்று ஒரு ஜிமெயில் முகவரியைத் திறந்து, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் ஒன்றை அதற்கு வையுங்கள். அதன் பின்னர் முகநூலின் அமைப்புகளில் உள்ள கணக்கு மையத்துக்குச் சென்று, தனிப்பட்ட விபரங்களின் கீழ் எந்தெந்த மின்னஞ்சல்களும் தொலைபேசி இலக்கங்களும் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் புதிய முகவரியைச் சேர்த்து உறுதிப்படுத்திய பிறகு, உங்களுடையது அல்லாத அனைத்தையும் நீக்குங்கள். பழைய சிம் இலக்கம் ஏதாவது அங்கே இருந்தால் அதையும் விட்டுவைக்காதீர்கள். நீண்ட காலம் ரீலோட் செய்யாத இலக்கம் துண்டிக்கப்பட்டுப் பின்னர் வேறொருவரின் கைக்குப் போகலாம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றும்போது மற்றைய சாதனங்களிலிருந்து வெளியேறட்டுமா என்று கேட்கப்படும் இடத்தில் கட்டாயம் ஆம் என்று கொடுங்கள். ஏற்கெனவே உள்ளே நுழைந்து திறந்தபடி வைத்திருக்கும் ஒரு கைபேசியை, கடவுச்சொல்லை மாற்றுவது மட்டுமே எப்போதும் வெளியேற்றிவிடும் என்று நம்ப முடியாது. உள்நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் வைத்திராத கைபேசியோ நீங்கள் போகாத ஊரோ அதில் தெரியலாம். ஊரின் பெயர் மட்டும் சற்றுப் பிழையாகவும் காட்டப்படலாம் என்பதால், சாதனத்தின் வகையையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இவை அனைத்தையும் ஒரே அமர்வில் செய்து முடியுங்கள். நீக்கப்படும் பழைய முகவரிக்கும் ஓர் அறிவிப்பு போகக்கூடும். இடையில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால், அந்த இடைவெளி மற்றவருக்கு உதவியாகிவிடும்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதிப் பேர் அதையே கடவுச்சொல்லாக வைத்திருக்கிறார்கள். பழைய அட்டையில் உள்ள ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். உங்கள் பிறந்த நாளை முகநூலே எல்லோருக்கும் காட்டுகிறது என்றால், ஊகிப்பதற்கு மீதமிருப்பவை நான்கு இலக்கங்கள், அதாவது கூடிப்போனால் 10,000 சாத்தியங்கள். அதைவிட, சிம் வாங்கிய கடையிலிருந்து சேமலாப நிதிப் படிவம் வரை அந்த இலக்கத்தை எத்தனை இடங்களில் எழுதிக் கொடுத்திருப்போம்!

ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து நீளமான கடவுச்சொல் ஒன்றை உருவாக்குங்கள். குடை, பூசணி, ஆணி, சங்கு என்பதுபோல் இருக்கலாம். இதையே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழமொழியும் பாட்டு வரியும் எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவை உதவா. தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்துக்களில் தட்டச்சுச் செய்வது நல்லது, ஏனெனில் அவசரத்துக்கு வேறொரு கைபேசியில் நுழைய நேர்ந்தால் அதில் தமிழ் விசைப்பலகை இல்லாமல் போகலாம்.

அடிக்கடி மாற்றுவது பற்றி: அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டல், காரணமின்றிக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுமாறு பயனரைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றே கூறுகிறது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசியில் உள்ள 1 ஐ 2 ஆக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வெளியே கசிந்தது என்று தெரிந்தால், அல்லது சந்தேகம் எழுந்தால், அன்றே மாற்ற வேண்டும்.

பதில் 3: ஹட்டன் வாசகர்

பயிற்றுநர் ஐயா, விளக்கத்துக்கு மிக்க நன்றி. என் நண்பரின் கணக்கையும் இன்று மாலை திறந்து பார்த்தோம். அவர் படித்த தனியார் வகுப்பின் மின்னஞ்சல் ஒன்று இன்னும் அதில் பதிவாகி இருந்தது. நீக்கிவிட்டோம்.

பதில் 4: பண்டாரவளை வாசகர்

டீச்சர், சிக்னல் இல்லாத பிரச்சினைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் வீடும் பள்ளத்தில் இருக்கிறது. இருபடிச் சரிபார்ப்புக்கு, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு ஒரு குறியீட்டையும் கேட்கும் பாதுகாப்புக்கு, குறுஞ்செய்தியைத் தவிர வேறு வழியும் உண்டு. கூகுள் ஒதென்டிகேட்டர் போன்ற ஒரு செயலியை நிறுவி, முகநூல் காட்டும் இரகசியத் திறவுகோலை அதில் ஒருமுறை பதிந்துவிட்டால், 30 விநாடிக்கு ஒரு புதிய ஆறு இலக்கக் குறியீட்டை அந்தச் செயலியே கைபேசிக்குள் கணித்துக் காட்டும். அந்தத் திறவுகோலையும் அப்போதைய நேரத்தையும் கொண்டு கணிப்பதால் அதற்கு சிக்னலோ டேட்டாவோ தேவையில்லை. கைபேசியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பில் விட்டுவிடுங்கள். எனக்கு முதலில் இது நம்ப முடியாததாக இருந்தது. விமானப் பயன்முறையில் போட்டுப் பார்த்தேன், அப்போதும் இலக்கங்கள் மாறிக்கொண்டே இருந்தன.

கைபேசி தொலைந்தால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். முகநூல் 10 மீட்புக் குறியீடுகளைத் தரும். ஒவ்வொன்றையும் ஒரு தடவை மட்டுமே பயன்படுத்தலாம். அவற்றை அதே கைபேசியில் படமாக வைத்துக்கொண்டால் கைபேசியோடு அவையும் போய்விடும். தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். நான் மைப் பேனாவால் எழுதி அலுமாரியில் வைத்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்தபோது ஈரப்பதத்தில் மூன்று வரிகள் கலைந்திருந்தன. குமிழ்முனைப் பேனாவால் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் இடுங்கள்.

பதில் 5: தலவாக்கலை வாசகி

பெரியக்காவையும் மறந்துவிடாதீர்கள். இத்தகையவர்கள் அடுத்ததாக வட்ஸ்அப்பைத்தான் குறிவைப்பார்கள். 'தவறுதலாக உங்களுக்கு ஓர் ஆறு இலக்கக் குறியீடு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்' என்று உறவினரின் பெயரிலேயே கேட்பார்கள். அது உங்கள் வட்ஸ்அப்பை அவர்களின் கைபேசிக்கு மாற்றும் குறியீடு. நீங்கள் இருவரும் வட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு என்ற பகுதியில் உள்ள இருபடிச் சரிபார்ப்புக்குச் சென்று, ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை வையுங்கள். அது இருந்தால் குறியீடு மட்டும் கிடைத்தவர் உள்ளே வர முடியாது. மாறாக, கணக்கைப் பறித்தவர் முந்திக்கொண்டு அந்த எண்ணை வைத்துவிட்டால், அதை நீக்க நீங்கள் ஏழு நாட்கள் காத்திருக்க நேரிடலாம்.

முறைப்பாடு செய்யவும் தயங்க வேண்டாம். அனுமதியின்றி இன்னொருவரின் கணக்கினுள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். உறவினருக்குப் போன செய்திகளையும், பணம் போடச் சொன்ன வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அழிக்க முன்னர் படம் பிடித்து வையுங்கள். பணம் கொடுத்தால் கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று இந்தப் பதிவைப் பார்த்து உங்களுக்கு எவராவது தனியாக எழுதினால் பதில் அனுப்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: மஸ்கெலியா வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று முன்பள்ளி விட்டதும் கோயில் வளைவில் உட்கார்ந்து, பயிற்றுநர் ஐயா எழுதிய வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்து முடித்தேன். ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆனது. பதிவாகியிருந்த இரண்டு மின்னஞ்சல்களும் என்னுடையவை அல்ல. உள்நுழைந்திருந்த சாதனங்கள் நான்கில் என்னுடையது ஒன்றுதான். மற்றவற்றில் ஒன்று அன்று காலையில்கூடப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. நீக்குவதற்கு முன்னர் படம் எடுத்து வைத்திருக்கிறேன், நாளை 101 க்கு அழைப்பேன். செயலியின் குறியீடு லயத்துக்குள்ளும் வேலை செய்கிறது. பெரியக்காவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், அன்று காணொளி அழைப்பில் அவருடைய வட்ஸ்அப்பையும் நானே சொல்லிச் சொல்லிச் சரிசெய்யப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது: முன்பள்ளியின் பக்கத்தையும் இந்தக் கணக்கிலிருந்துதான் நடத்துகிறேன். அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில் 6: நுவரெலியா, கணினிப் பயிற்றுநர்

ஆம் டீச்சர். பக்கத்தின் அமைப்புகளில் யார் யாருக்கு அணுகல் இருக்கிறது என்று பார்த்து, தெரியாத பெயர் இருந்தால் இன்றே நீக்குங்கள். பிறகு உங்களோடு பணிபுரியும் நம்பிக்கையான ஒருவருக்கும் முழுக் கட்டுப்பாட்டைக் கொடுத்து வையுங்கள். அவருடைய கணக்கில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.