விமான நிலைய ‘டிரான்ஸ்ஃபர்’: இடமாற்றமா, சவாரியா?

ராயபுரத்திலிருந்து:

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க வேண்டும். இரண்டு வாரமாகத் திணறுகிறேன்.

என் சித்தப்பா சென்னை ராயபுரத்தில் நாலு கார் வைத்து ஓட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஏற்றி, எழும்பூர், பெரியமேடு பக்கத்து விடுதிகளில் கொண்டுபோய் விடுவதுதான் பாதி வருமானம். விம்கோ நகரில் ஏறினால் விமான நிலையத்திலேயே இறங்கும்படி 2021 பிப்ரவரியிலிருந்து நேர் மெட்ரோ ஓடுகிறதே, இதற்குக் கார் எதற்கு என்று கேட்பீர்கள். பன்னாட்டு விமானங்கள் பலவும் ராத்திரி ஒன்றுக்கும் மூன்றுக்கும் வந்து இறங்குகின்றன. மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் கண் விழிக்கும். அந்த நடுச்சாமத்தில்தான் சித்தப்பாவுக்குப் பிழைப்பு.

இப்போது முன்பதிவுக்கு ஒரு இணையப் பக்கம் போடுகிறார்கள். ஆங்கிலம் தயார். தமிழ் என் தலையில் விழுந்தது. சரி, முதலில் எந்திரத்தையே கேட்போம் என்று மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டேன். ‘பிரைவேட் ஏர்போர்ட் டிரான்ஸ்ஃபர்’ என்ற தலைப்பு இப்படி வந்தது: ‘தனியார் விமான நிலைய இடமாற்றம்’.

படித்ததும் எனக்குப் பரந்தூர்தான் ஞாபகம் வந்தது. 2022-ல் புது விமான நிலையத்துக்கு அந்த இடத்தை அறிவித்ததிலிருந்து செய்தித்தாளில் அதே பேச்சு. நம் பக்கத்தை அங்கே நிலம் போகிற ஏகனாபுரத்துக்காரர் யாராவது பார்த்தால், ராயபுரத்து டிராவல்ஸ்காரன் விமான நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்றுகிறான், அதுவும் தனியார் விமான நிலையத்தை என்று நினைப்பார். மூன்று சொல்லில் இரண்டு தப்பு. ‘தனியார்’ என்றால் அரசு அல்லாதது. இங்கே சொல்ல வந்தது தனி வண்டி, வேறு யாரையும் ஏற்றாத வண்டி. ‘இடமாற்றம்’ என்றால் நமக்கெல்லாம் உத்தியோக மாற்றல். வாத்தியார் வீட்டில் ‘டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு’ என்றால் அடுப்பு அணைந்த மாதிரி ஆகிவிடும். விமான நிலையம் பாவம், நடுவில் சும்மா நிற்கிறது.

அதற்குக் கீழேதான் கொடுமை. இரண்டு கட்டங்கள்:

எடுக்கும் நேரம்:
இறக்கும் இடம்:

‘பிக்கப்’, ‘டிராப்’ இரண்டையும் எந்திரம் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது. காசிமேட்டில் இருக்கும் என் அத்தையிடம் போனில் படித்துக்காட்டினேன். “யாருடி போயிட்டாங்க? எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?” என்று பதறிவிட்டார். நம் தெருவில் ‘எடுக்கும் நேரம்’ என்றால் ஒன்றே ஒன்றுக்குத்தான். அடுத்த வரி ‘இறக்கும் இடம்’ வேறு. கார் முன்பதிவுப் பக்கம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகிவிட்டது. ‘இறக்கிவிடும் இடம்’ என்று ஒரு ‘விடு’ சேர்த்தாலே பாதிச் சிக்கல் தீர்கிறது. நம் துணைவினைகளின் அருமை எந்திரத்துக்கு எங்கே தெரியும்!

‘சிட்டி ஹோட்டல்’ கதை சின்னது. ‘நகர உணவகம்’ என்று வந்தது. ஓட்டல் என்றால் இங்கே இட்லி, வடைதான். தங்குவதற்கு விடுதி. மாற்றிவிட்டேன், அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

ஆக, எனக்கு வேண்டியது மூன்று: மொத்தச் சேவைக்கு ஒரு பெயர், வரும்போது ஏற்றுவதற்கு ஒன்று, போகும்போது விடுவதற்கு ஒன்று. பொத்தானில் இடம் குறைவு. இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது.

திருவொற்றியூரிலிருந்து:

அம்மா, உங்கள் மடல் கண்டேன். சிரித்தேன், பிறகு யோசித்தேன்.

வருகிறவரை ஊர் எல்லைக்கே சென்று அழைத்துவருவது நமக்குப் புதிதன்று. அதற்கு ‘எதிர்கொள்ளல்’ என்று பெயர். மதுரையில் கள்ளழகர் வரும்போது மூன்றுமாவடியில் கூடி நிற்பதை ‘எதிர்சேவை’ என்றே சொல்கிறார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் காரில் வைத்து ஊர்வலமாகக் கூட்டிவருவது ‘மாப்பிள்ளை அழைப்பு’. ‘அழைப்பு’ என்ற சொல் தொலைபேசிக்காரர் கையில் சிக்கிப் பொருள் குறுகிவிட்டது. அதனால் அதை விட்டுவிடுவோம். ‘எதிர்கொள்ளல்’, ‘வழியனுப்பல்’ என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன். ஓசையும் பொருந்துகிறது.

மொத்தச் சேவைக்கு ‘ஆற்றுப்படுத்தல்’ என்று சொல்லலாமா எனவும் தோன்றியது. வழி அறியாதவரை உரிய இடத்துக்குச் செலுத்துவதுதானே ஆற்றுப்படை? ஆனால் இன்று அந்தச் சொல்லை மனநல ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டார்கள். நள்ளிரவில் விமானம் விட்டு இறங்குகிறவருக்கு அதுவும் தேவைப்படலாம் என்பது வேறு.

வியாசர்பாடியிலிருந்து:

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் வணக்கம். நான் கார் ஓட்டுகிறவன். குழுமத்தில் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டில் நாங்கள் சொல்வது ‘ஏர்போர்ட் பிக்கப்’, ‘ஏர்போர்ட் டிராப்’. சுருக்கமாக ‘ஏர்போர்ட் சவாரி’. பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பது ‘போர்டு டூட்டி’. இதையெல்லாம் எதற்கு மாற்றவேண்டும் என்பது என் முதல் கேள்வி. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் எங்களுக்கும் புரிகிற மாதிரி மாற்றுங்கள். ‘எதிர்கொள்ளல்’ என்று பக்கத்து வண்டி அண்ணனிடம் சொன்னேன். “யாரை எதிர்க்கணும்?” என்றார்.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் ‘எடுக்கும் நேரம்’ என்று மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள் போல. எங்கள் தொல்லை அங்கேதான் ஆரம்பம். சக்கரம் தரையில் பட்டதும் பார்ட்டி ‘இறங்கிட்டேன்’ என்று மெசேஜ் போடுவார். நாங்கள் அடித்துப் பிடித்து வண்டியை உள்ளே கொண்டுபோவோம். குடியேற்ற வரிசை, பெட்டி வரும் பெல்ட், சுங்கம் எல்லாம் தாண்டி அவர் வெளியே வர ஒன்றேகால் மணி நேரம். அதுவரை பார்க்கிங் பில் ஏறிக்கொண்டே இருக்கும். போன மாதம் ஒருவர் பெல்ட்டில் இன்னொருவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, பாதி வழியில், கிண்டியில், கைப்பிடியில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் தன்னுடையது இல்லை என்று கண்டுபிடித்தார். திரும்பிப் போனோம். அதற்கு என்ன கலைச்சொல் வைப்பீர்களோ.

ராயபுரத்திலிருந்து:

தம்பி, எழுதினதுக்கு நன்றி. நாங்கள் மூன்று நாளாகப் பேசியதைவிட உங்கள் பெட்டிக் கதையில் விஷயம் அதிகம்.

‘எதற்கு மாற்றவேண்டும்’ என்ற கேள்விக்கு என் பதில்: பிக்கப், டிராப் என்பதை ஸ்டாண்டில் யாரும் மாற்றவேண்டாம். அது உங்கள் தொழில் பேச்சு. ஆனால் பக்கத்தைத் தமிழில் பார்க்கப்போகிறவர் யார்? மகன் துபாயில் இருப்பான், பேரன் பிறந்திருப்பான், பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வரும் அம்மா. தமிழ் எழுத்தில் ‘பிக்அப்’ என்று போட்டால் வாய்விட்டுப் படிப்பார். எந்தக் கட்டத்தில் ஊர்ப் பெயரை எழுதுவது என்று நிச்சயம் தடுமாறுவார்.

ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. ‘எதிர்கொள்ளல்’ நல்ல சொல்தான். ஆனால் ‘சவாலை எதிர்கொள்’, ‘நெருக்கடியை எதிர்கொள்’ என்று செய்தி வாசித்து வாசித்து அதற்குச் சண்டை முகம் வந்துவிட்டது. பழைய முகத்தை மீட்கலாம், நாளாகும். பொத்தான் அடுத்த வாரம் வேண்டும். ‘பேருந்து’ பலகையிலும் ஏறியது, வாயிலும் ஏறியது. ‘மகிழுந்து’ கட்டுரையோடு நின்றுவிட்டது, காசிமேட்டில் அது இன்றைக்கும் கார்தான். ‘முனையம்’ வென்ற கதையைப் பாருங்கள்: கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம், மீனம்பாக்கத்தில் காமராசர் பெயரில் உள்நாட்டு முனையம், அண்ணா பெயரில் பன்னாட்டு முனையம். பார்க்கிற இடத்தில் பலகை இருந்தது, சொல் சின்னதாக இருந்தது, வாயில் ஒட்டியது. நம் சொல்லுக்குப் பலகையும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. முதல் பார்வையிலேயே புரிந்தாகவேண்டும்.

அதனால் தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தேன். ‘பையனை ஸ்கூல்ல விட்டுட்டு வா’, ‘பாட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டினு வா’. வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே இன்னொன்றும் உண்டு: ‘இட்டுக்கினு வா’. இதைக் கேட்டு மற்ற ஊர்க்காரர்கள் மெட்ராஸ் பாஷை என்று சிரிப்பார்கள். அதே ஆட்கள் மேடையில் ‘அழிவுப் பாதைக்கு இட்டுச்செல்லும்’ என்று முழங்குவார்கள். சொல் ஒன்றுதான். ‘இட்டுவரல்’ என்று வைத்துவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க ஆசையாக இருந்தேன். காலையில் அத்தையிடம் சொன்னேன். “நெத்தியில் இட்டுக்கிறதா?” என்றார். ஆசை போயிற்று.

கடைசியில் நிற்பது இவை: கூட்டிவரல், கொண்டுவிடல். விமான நிலையத்திலிருந்து கூட்டிவரல். விமான நிலையத்தில் கொண்டுவிடல். இதில் எனக்குப் பிடித்தது, யார் செய்கிற வேலை என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற ஒரே பெயரில் போக்கையும் வரவையும் அடக்கிவிடுகிறார்கள். தமிழில் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் தேடியதே தப்பு. கூட்டிவருகிறவன் காத்திருக்கிறான், பெயர்ப்பலகை பிடிக்கிறான், விமானம் தாமதமானால் தூக்கம் கெடுகிறான். கொண்டுவிடுகிறவனுக்கு வேறு கவலை: பன்னாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டியிருந்தால் அதற்கும் சேர்த்துக் கிளம்பவேண்டும். வேலை இரண்டு. பெயரும் இரண்டாகவே இருக்கட்டும்.

திருவொற்றியூரிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன், முழு மனத்தோடு அல்ல. ‘கூட்டி’ பேச்சுச் சொல். இருந்தாலும் உங்கள் அத்தையின் தேர்வில் தேறிவிட்டது. மொத்தச் சேவைக்குப் பெயர்? ‘முன்பதிவுத் தனிவண்டி’ என்பேன்.

வியாசர்பாடியிலிருந்து:

ஐயா, ‘தனிவண்டி’ என்றால் சொந்த வண்டி மாதிரி இருக்கிறது. ஆட்டோவில் ஏறும்போது “ஷேரா, தனியா?” என்றுதானே கேட்கிறோம். அப்போ ‘தனிச் சவாரி’ என்று வையுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

‘சவாரி’ வடக்கேயிருந்து வந்த சொல், தம்பி. அதன் வேர் பாரசீகத்தில். கலைச்சொல் என்று உட்கார்ந்துவிட்டு அதையா வைப்பது?

ராயபுரத்திலிருந்து:

ஐயா, கோபிக்காதீர்கள். வசூல், பாக்கி, ஜாமீன், தாலுகா எல்லாமும் அந்தப் பக்கத்து வரவுகள்தான். பாக்கியை வசூல் செய்யும்போது யாரும் வேர் தோண்டிப் பார்ப்பதில்லை. ‘சவாரி’ குதிரை வண்டியில் ஏறி, கை ரிக்‌ஷாவில் உட்கார்ந்து, ஆட்டோவுக்கு வந்த சொல். அதில் பேசிய கூலியும் அடங்கியிருக்கிறது, அதுதான் இங்கே முக்கியம். மீட்டர் இல்லை, நெரிசல் நேரத்துக் கூடுதல் இல்லை, முதலிலேயே பேசிய வாடகை. ‘பயணம்’ என்று வைத்தால் இது எதுவும் தெரியாது.

‘விமானச் சவாரி’ என்று மட்டும் சுருக்கக்கூடாது, விமானத்தில் சுற்றிக்காட்டுவோம் என்று நினைப்பார்கள். ‘விமான நிலையத் தனிச் சவாரி’ என்று தலைப்பில் ஒருமுறை முழுதாக வரட்டும். பொத்தான்களில் சின்னது போதும்.

தம்பி சொன்னதை வைத்து நேரக் கட்டத்தையும் மாற்றினேன். இப்போது பக்கம் இப்படி இருக்கிறது:

விமான நிலையத் தனிச் சவாரி
கூட்டிவரல் / கொண்டுவிடல்
விமான எண்:
தரையிறங்கும் நேரம்:
எந்த விடுதி, எந்தத் தெரு:
எத்தனை பேர், எத்தனை பெட்டி:
பலகையில் எழுதவேண்டிய பெயர்:

வெளியே வரும் நேரத்தைக் கேட்கவில்லை, அது அவருக்கே தெரியாது. விமான எண் இருந்தால் தாமதம் நமக்கே தெரிந்துவிடும். பல ஊர்களில் பன்னாட்டு விமானத்துக்குத் தரையிறங்கியதிலிருந்து ஒரு மணி நேரம் இலவசமாகக் காத்திருப்பார்கள். சித்தப்பா அதற்குச் சம்மதித்துவிட்டார். அதைக் ‘கட்டணமில்லாக் காத்திருப்பு’ என்று எழுதினேன். அதற்கு மேல் போனால் ‘காத்திருப்புக் கூலி’. ‘வெயிட்டிங் சார்ஜ்’ என்று அடைப்பில் போடட்டுமா என்றார் சித்தப்பா. வேண்டாம், கூலி என்றால் எல்லோருக்கும் புரியும் என்றேன். மீதிச் சொற்களுக்கு யாருக்காவது மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

அக்கா, நேற்று ஸ்டாண்டு வாட்ஸ்அப் குழுவில், யாருக்கும் எதுவும் விளக்காமல், ‘நாளை 2 மணி கொண்டுவிடல், 4 மணி கூட்டிவரல், இரண்டும் தனிச் சவாரி’ என்று போட்டேன். என்ன அர்த்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாலு பேர் வாடகை எவ்வளவு என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும் ‘பலகை பிடிக்கணுமா?’ என்றார்.